அருப்புக்கோட்டை – திருச்சுழி கண்மாய்க்கரை மிதிவண்டி வழிகள்

விருதுநகர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களில் கண்மாய்க் கரைகளையும் பழைய வண்டிப்பாதைகளையும் ஒட்டி உருவான மிதிவண்டித் தடங்கள் இக்கட்டுரையில் கண்மாய்க்கரை மிதிவண்டி வழிகள் எனக் குறிக்கப்படுகின்றன. இவற்றுக்குப் பெயர்ப்பலகையோ வரைபடமோ கிடையாது. நெசவுக்கும் மில் வேலைக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் போனவர்கள் சக்கரத்தால் அழுத்தி உண்டாக்கிய ஒற்றையடித் தடங்கள் இவை. யார் இவற்றில் மிதிவண்டி ஓட்டலாம், யார் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற கேள்வி இவற்றின் வரலாற்றில் தொடக்கம் முதல் இருந்துவருகிறது.

மிதிவண்டிச் சுற்றுலா என்றதும் பலருக்கு நினைவில் வருவது மலையும் ஏரியும் சேர்ந்த காட்சிதான். செருமனி, ஆசுத்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் கரையைத் தொட்டுச் சுற்றும் போடன்சே ஏரி வழி சுமார் 260 கிலோமீட்டர் நீளமுடையது; உலகப் பயணிகள் அதைத் தேடிப் போகிறார்கள். தமிழ்நாட்டில் கொடைக்கானல் ஏரி இருக்கிறது. மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்து ஓய்வுபெற்ற வியர் லெவிஞ்ச் 1863-ல் அமைத்தது அது. ஏரியைச் சுற்றி வாடகை மிதிவண்டியில் ஒரு வட்டம் போவது இன்று கொடைக்கானல் சுற்றுலாவின் பகுதியாகிவிட்டது. அருப்புக்கோட்டைப் பக்கம் மலை கிடையாது. ஏரி உண்டு, நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றில் நீர் நிற்பது ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே. மலையேரிகளைச் சுற்றும் வழிகளைப் பற்றி எழுதியவர்கள் பலர். வறண்ட ஏரிகளின் கரையில் பல தலைமுறைகளாக ஓடிய மிதிவண்டிகளைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு.

நிலமும் நீரும்

இவ்வட்டாரத்தின் பெரும்பகுதி கரிசல். திருச்சுழிக்குக் கிழக்கே போகப் போக மணலும் களியும் கலந்த நிலம் தென்படும். மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைப்பது. குண்டாறு திருமங்கலம், காரியாபட்டிப் பக்கமிருந்து வந்து திருச்சுழியைத் தொட்டுக் கமுதி வழியாகக் கடலை நோக்கிப் போகிறது. ஆண்டின் பெரும்பாலான நாள்களில் அது மணல் ஆறு.

நிலம் மேற்கிலிருந்து கிழக்கும் தென்கிழக்கும் நோக்கி மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவுக்குக் குறுக்கே மண்கரை போட்டு மழைநீரைத் தேக்கியதே கண்மாய். ஒன்று நிறைந்தால் உபரிநீர் கலிங்கு வழியாகக் கீழ்க்கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அடுத்ததற்கு. இப்படிச் சங்கிலித் தொடராகக் கண்மாய்கள் அமைந்திருப்பது இங்குள்ள வழிகளைப் புரிந்துகொள்ள மிகவும் முக்கியமானது. கரை சரிவுக்குக் குறுக்கே போவதால் அதன் மேல்தடம் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே மட்டத்தில் ஓடும். மழையில் சுற்றிலும் கரிசல் சேறாகக் கிடக்கும்போதும் மிதித்து இறுகிய கரை நடப்பதற்கு ஏற்றதாக இருக்கும். ஓடைகளும் வரத்துக்கால்களும் மேற்கிலிருந்து கிழக்காகப் போக, கரைகள் பெரும்பாலும் அவற்றுக்குக் குறுக்காகப் போகின்றன. ஓடையோரப் பாதையும் கரைப் பாதையும் சந்திக்கும் இடத்தில் ஓர் ஐயனார் கோயிலோ, புளியமரமோ, ஊருணியோ இருக்கும். வரைபடம் இல்லாமலே வெளியூர்க்காரர்கூட வழி கண்டுபிடிக்க இந்த அடையாளங்கள் போதுமாயிருந்தன.

மிதிவண்டிக்கு முந்தைய வழிகள்

மிதிவண்டி வருமுன்பே இது வழிப்போக்கர்களின் நாடாக இருந்தது. அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள கோவிலாங்குளத்தில் முதலாம் குலோத்துங்க சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அங்கிருந்த சமணக் கோயிலோடு தண்ணீர்ப் பந்தல் வைத்த செய்தியையும் அது சொல்கிறது. கோயிலுக்கு நிகராகத் தண்ணீர்ப் பந்தலும் கல்லில் இடம்பெற்றிருப்பதைக் கொண்டு, வெயிலில் நடந்து வருபவருக்குத் தண்ணீர் கொடுப்பது எவ்வளவு பெரிய அறமாகக் கருதப்பட்டது என்பதை உணரலாம்.

திருச்சுழி திருமேனிநாதர் கோயில் பாண்டிய நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் பதினான்கில் ஒன்று, சுந்தரர் பாடியது. இராமேசுவரம் போகும் யாத்திரிகர்கள் இப்பக்கமாக நடந்து போனார்கள். அவர்களுக்காக எழுந்த சத்திரங்களில் நரிக்குடியில் மருதுபாண்டியர் கட்டிய சத்திரம் குறிப்பிடத் தக்கது. 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்கள் பிறந்த முக்குளம் நரிக்குடிக்கு அருகில்தான் உள்ளது. பிறந்த ஊர்ப்பக்கம் வழிப்போக்கர்களுக்குச் சோறு போட ஒரு கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள்.

யாத்திரிகர் வழி ஒருபுறம் இருக்க, வணிகர் வழி இன்னொருபுறம் வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிப் பக்கமிருந்து மதுரைக்குச் சரக்கேற்றிப் போன நாடார் வணிகர்கள் கள்ளர் பயமில்லாமல் தங்குவதற்காக மதிலோடு கூடிய பேட்டைகளை அமைத்தார்கள். அருப்புக்கோட்டையும் பாலையம்பட்டியும் அத்தகைய ஆறு பேட்டை நகரங்களுள் இரண்டு. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி ஆகியவை மற்றவை. இரட்டை மாட்டுவண்டி ஓர் இரவில் கடக்கும் தொலைவே பேட்டைக்கும் பேட்டைக்கும் இடையிலான தொலைவை முடிவு செய்தது. பிற்காலத்தில் மிதிவண்டிக்காரர்கள் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிய ஊர்களின் இணைகளைப் பார்த்தால், பெரும்பாலும் இந்த மாட்டுவண்டிக் கணக்கே அடியில் இருப்பது தெரியும்.

மிதிவண்டியின் வருகை

இரண்டு சக்கரமும் சம அளவில் அமைந்து பின்சக்கரத்தைச் சங்கிலி இழுக்கும் இன்றைய வடிவம் 1885-ல் இங்கிலாந்தில் சான் கெம்ப் இசுட்டார்லி வெளியிட்ட ரோவர் வண்டியிலிருந்து வருவது. 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்த பிறகுதான் கரடுமுரடான பாதையில் ஓட்டுவது தாங்கக்கூடியதாயிற்று. 1884-ல் சான் பிரான்சிசுகோவிலிருந்து புறப்பட்டு, உயரமான முன்சக்கர வண்டியில் உலகைச் சுற்றிய தாமசு இசுட்டீவன்சு, வட இந்தியாவின் பெருவழியில் லாகூரிலிருந்து கல்கத்தா வரை ஓட்டினார். 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகம் சுற்றப் புறப்பட்டார்கள். அவர்களுள் அடி ஆக்கிம், சால் பாபசோலா, உருசுதம் பும்காரா ஆகிய மூவர் 1928-ல் முழுப் பயணத்தையும் முடித்துத் திரும்பினர்.

அக்காலத்தில் மிதிவண்டி இறக்குமதிப் பொருள். ராலே, அம்பர், பி.எசு.ஏ., எர்குலிசு என்ற பெயர்கள் அதை வைத்திருந்தவரின் தகுதியைச் சொல்லும் சொற்களாகவே வழங்கின. ஊர்ப்புறங்களில் வக்கீல், ஆசிரியர், தபால்காரர், பெரிய விவசாயி ஆகியோரிடம்தான் முதலில் தென்பட்டது. சுதந்திரத்திற்குப் பிறகு நிலைமை மாறியது. 1949-ல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்சு தொடங்கப்பட்டது; வடக்கே அட்லசு 1951-லும், ஈரோ 1956-லும் உற்பத்தியைத் தொடங்கின. 1960, 1970களில் நெசவாளியும் மில் தொழிலாளியும் தவணையிலோ சீட்டுப் பணத்திலோ ஒரு வண்டி வாங்க முடிந்தது. அருப்புக்கோட்டை அப்போது நூற்பாலைகளும் கைத்தறியும் நிறைந்த ஊர். விருதுநகர் – மானாமதுரை இருப்புப்பாதை 1960களில் அருப்புக்கோட்டை, திருச்சுழி வழியாகப் போடப்பட்டபோது, நிலையத்திலிருந்து ஊருக்கும் ஊரிலிருந்து மில்லுக்கும் போக மிதிவண்டி இன்றியமையாததாயிற்று.

கரிசலில் ஓட்டுதல்

கரிசலில் வண்டி ஓட்டுவது தனிக் கலை. கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்பின் வாய் சில இடங்களில் முன்சக்கரம் இறங்கும் அளவுக்கு அகலமாக இருக்கும். ஒரு மழை பெய்துவிட்டால் அதே மண் அரக்குப் போல ஒட்டும். சக்கரம் நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் டயருக்கும் மட்காடுக்கும் நடுவே சேறு இறுகி வண்டி நின்றுவிடும். குச்சியால் கிண்டிக் கிண்டிப் பார்த்து, முடியாதபோது வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். மழைக்காலத்தில் மட்காடைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ஓட்டும் வழக்கம் இதனால் வந்தது. கண்மாய்க் கரையின் மதிப்பும் அப்போதுதான் தெரியும். கீழே ஒரு மைல் தூரத்தை வண்டி சுமந்து கடப்பதைவிட, கரையைப் பிடித்து இரண்டு மைல் சுற்றிப் போவது எளிது.

அடுத்த இடர் முள். உடைமரமும் நாட்டுக்கருவேலும் எப்போதும் இருந்தவை. சீமைக்கருவேலம் வந்த பிறகு நிலைமை மோசமாயிற்று. இந்தியாவுக்கு 1877-ல் விதையாகக் கொண்டுவரப்பட்ட இம்மரம், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பழைய இராமநாதபுரம் மாவட்டம் முழுவதும் பரவிக் கண்மாய் உள்வாயையும் கரையையும் மூடியது. கரிமூட்டத்தில் அது பலருக்குச் சோறு போட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மிதிவண்டிக்காரருக்கு அது பகை. ஆகவே இப்பக்கத்து வண்டிகளில் சீட்டுக்குப் பின்னால் தொங்கும் தோல்பையில் ஒட்டுப்போடும் பசை, உப்புத்தாள், பழைய டியூபின் துண்டு, டயர் கழற்றும் நெம்புகோல் ஆகியவை இருக்கும். பஞ்சர் எங்கே என்று கண்டுபிடிக்க டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்க்க வேண்டும். கோடையில் கண்மாய் வற்றிக் கிடக்கும். உமிழ்நீரைத் தொட்டுத் தடவிப் பார்ப்பதே வழி.

காற்றையும் மறக்க முடியாது. ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று மரமற்ற வெளியில் தடையின்றி அடிக்கும். காலையில் காற்று எழுமுன் மேற்கே போய், மாலையில் காற்றை முதுகில் வாங்கிக் கிழக்கே திரும்புமாறு வேலையை அமைத்துக்கொள்வது அனுபவசாலிகளின் முறை. எதிர்க்காற்றில் கேரியர் நிறையச் சுமையோடு மிதிப்பது மலையேற்றத்துக்குச் சமம். மலைக்கு உச்சி என்று ஒன்று உண்டு. காற்றுக்கு அதுவும் கிடையாது.

கேரியரில் ஏறாத பொருள் இல்லை. பாவு நூல் கட்டு, சேலைக் கட்டு, பருத்தி மூட்டை, மிளகாய்ச் சாக்கு, மல்லிகைப்பூக் கூடை, கருவாடு, பால்கேன், ஐசுப் பெட்டி எல்லாம் போயின. தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் இரண்டு பக்கமும் கம்பி வளையம் மாட்டி நாலைந்து குடங்களோடு தள்ளிக்கொண்டு போகும் வண்டிகள் ஊருணிக்கும் வீட்டுக்குமாக ஓடின. அந்த வேளையில் வண்டி சவாரி செய்யும் பொருளாக இல்லாமல் சுமக்கும் விலங்காகிவிடும். உப்புக்கரிக்கும் நிலத்தடி நீர் பல ஊர்களில் குடிக்க உதவாது என்பதால் நல்ல தண்ணீருக்காகப் பக்கத்து ஊர் ஊருணிக்குப் போகும் இந்த வேலை அண்மைக்காலம் வரை நீடித்தது.

வாடகைக் கடையும் வில்லையும்

சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு வாடகைக் கடை. மட்காடில் கடைப்பெயரும் எண்ணும் எழுதிய வண்டிகள் வரிசையாக நிற்கும். சிறுவர்களுக்குக் கால்வண்டி, அரைவண்டி என்று உயரம் குறைந்தவை. அவை கிடைக்காதபோது பெரிய வண்டியின் குறுக்குக்கம்பிக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகுவார்கள். கண்மாய்க் கரையின் சரிவு அதற்கு உதவியது. விழுந்தாலும் புல்லில்தான் விழ வேண்டும்.

நகராட்சிகளும் ஊராட்சிகளும் மிதிவண்டிக்கு வரி விதித்து அடையாள வில்லை கொடுத்த காலம் ஒன்று இருந்தது. வில்லை இல்லாத வண்டி, இரவில் விளக்கில்லாத வண்டி, இருவர் ஏறிய வண்டி ஆகியவை பிடிபட்டால் அபராதம். டவுனுக்குள் நுழையும் எல்லையில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதும், எண்ணெய் விளக்கை அவசரமாகக் கொளுத்துவதும் அக்காலத்தவர் சிரித்துக்கொண்டே சொல்லும் செய்திகள். கண்மாய்க்கரை வழியில் காவலர் நிற்பதில்லை என்பதும் அவ்வழியை விரும்புவதற்கு ஒரு காரணம்.

மிதிவண்டி கேளிக்கைப் பொருளாகவும் இருந்தது. 1970, 1980களில் ஊர்ப் பொட்டலில் ஒருவர் பல நாள்கள் தரையில் கால் ஊன்றாமல் வட்டமாக ஓட்டிக்கொண்டே இருப்பார். குளிப்பதும் சாப்பிடுவதும் வண்டியிலேயே. இரவில் ஒலிபெருக்கிப் பாட்டும் ஆட்டமும் சேர்ந்துகொள்ளும். கடைசி நாளில் ரூபாய் நோட்டு மாலையோடு இறக்குவார்கள். அவர் கடந்த தொலைவை நேர்கோட்டில் வைத்தால் ஒரு மாநிலத்தைத் தாண்டியிருக்கலாம். ஆனால் அவர் பார்த்ததெல்லாம் அந்த ஒரு பொட்டல்தான்.

யார் ஓட்டலாம்

இவ்வரலாற்றின் கடுமையான பகுதி இது. வழி இருப்பது வேறு, வழியில் போகும் உரிமை வேறு. திருச்சுழியும் அருப்புக்கோட்டையும் 1910-ல் அமைக்கப்பட்ட பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவை. அம்மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் தாழ்த்தப்பட்ட மக்கள் மீது எட்டுத் தடைகளை அறிவித்தனர். 1931-ல் அது பதினொன்றாக நீண்டது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த சே. எச். அட்டன் தம் நூலில் இவற்றைப் பதிவு செய்துள்ளார். முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது, சட்டை போடக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்பவை அவற்றுள் சில. அதற்கு முன்பே, 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை ஒட்டி எழுந்த வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்று 1908-ல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. கோயில் வாசலும் தெருவும் பொதுவல்ல என்ற எண்ணத்தின் வலிமையை இவை காட்டுகின்றன.

செருப்புக்கும் குடைக்கும் இருந்த தருக்கம் மிதிவண்டிக்கும் அப்படியே பொருந்தியது. வண்டியில் உட்கார்ந்தவரின் தலை திண்ணையில் உட்கார்ந்தவரின் தலைக்கு மேலே இருக்கும். அது பொறுக்கவில்லை. தென்மாவட்டச் சிற்றூர்கள் பலவற்றில் தலித் மக்கள் ஆதிக்கச் சாதித் தெரு வந்ததும் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்பது எழுதாச் சட்டமாக இருந்தது. 2007-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணியின் கள ஆய்வுகள் இருபத்தொன்றாம் நூற்றாண்டிலும் இத்தடை இருந்ததை வெளிக்கொண்டுவந்தன. ஊர்த்தெருவைத் தவிர்த்துக் கண்மாய்க் கரையைச் சுற்றி டவுனுக்குப் போனவர்களுள் சேற்றுக்கும் காவலருக்கும் பயந்தவர்கள் மட்டுமல்ல, இந்த அவமானத்துக்கு ஆளாக விரும்பாதவர்களும் இருந்தனர் என்பதை மறந்து இவ்வழிகளின் அழகைப் பேசுவது நேர்மையாகாது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ல் இயற்றப்பட்டபோது அதில் மிதிவண்டி என்ற சொல் இல்லை. 2015-ல் திருத்தப்பட்டு 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வடிவில், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ பொது இடத்தில் மிதிவண்டி அல்லது மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும், செருப்பு அல்லது புத்தாடை அணிவதையும் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. மிதிவண்டி ஓட்டுவதை ஒரு நாட்டின் குற்றவியல் சட்டம் பெயர் சொல்லிக் காக்க வேண்டி வந்திருக்கிறது. 1930-ல் செருப்புக்கு விதித்த தடையும் 2016-ல் செருப்புக்குக் கொடுத்த பாதுகாப்பும் ஒரே வரிசையில் வைத்துப் படிக்கத் தக்கவை.

பெண்களும் புதுக்கோட்டையும்

பெண்கள் மிதிவண்டி ஓட்டுவது இப்பக்கத்து ஊர்களில் நெடுங்காலம் கேலிக்குரியதாக இருந்தது. ஆண் மிதிக்க, பெண் கேரியரில் ஒருபுறமாக உட்கார்ந்து போவதுதான் முறை. இந்த நிலையை உடைத்த பேரியக்கம் எழுந்தது வடக்கே, இதேபோன்ற கண்மாய் நாடான புதுக்கோட்டை மாவட்டத்தில். 1991-ல் அங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் சேர்த்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் சீலா ராணி சுங்கத் இதற்குப் பின்பலமாக இருந்தார். கல்லுடைக்கும் பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று எல்லோரும் கற்றனர். 1992 அனைத்துலகப் பெண்கள் நாளன்று சுமார் 1,500 பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி மணியடித்தபடி புதுக்கோட்டை நகரில் ஊர்வலம் போனார்கள்.

இதை நேரில் கண்டு எழுதிய இதழாளர் பி. சாய்நாத் ஒரு நுட்பமான செய்தியைக் குறிப்பிடுகிறார். பெண்கள் வண்டி போதாமல் ஆண்கள் வண்டியையே பலர் ஓட்டினார்கள். குறுக்குக்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. 1996-ல் வெளிவந்த அவரது நூலில் புதுக்கோட்டையோடு, திருச்சுழிக்கு அடுத்துள்ள இராமநாதபுரம் மாவட்டமும் பேசப்படுகிறது. பேருந்துக்காகக் காத்திருக்காமல் ஒரே நாளில் கூடுதல் ஊர்களில் விளைபொருள் விற்க முடிந்தது, தண்ணீரும் பிள்ளையும் ஒரே நடையில் வீடு சேர்ந்தன என்பன போன்ற பயன்களைவிட, யாரையும் எதிர்பார்க்காமல் புறப்படலாம் என்ற உணர்வே பெரிது என்று அப்பெண்கள் சொன்னதாக அவர் எழுதுகிறார். புதுக்கோட்டையும் மழை பொய்த்தால் வறளும் கண்மாய் நாடு என்பதால், அருப்புக்கோட்டைப் பக்கத்து வாசகருக்கு இது வெளியூர்க் கதையாகத் தோன்றாது.

பள்ளி மிதிவண்டி

தமிழ்நாடு அரசு 2001–02-ல் மேல்நிலை வகுப்புகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. 2005–06 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மற்ற மாணவ மாணவியருக்கும் அது விரிவாக்கப்பட்டது. முதலில் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதை முந்தைய பகுதிகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தெருவில் வண்டி ஓட்டக் கூடாது என்று தடுக்கப்பட்ட சாதியின், ஓட்டவே கூடாது என்று கேலி செய்யப்பட்ட பாலினத்தின் கையில் அரசு முதல் வண்டியைக் கொடுத்தது. திட்டமிட்டோ திட்டமிடாமலோ நிகழ்ந்த இந்த வரிசை தற்செயலைவிடப் பெரியது.

இத்தகைய திட்டத்தின் பயனைப் பீகாரில் அளந்திருக்கிறார்கள். அங்கு 2006-ல் தொடங்கிய மாணவியர் மிதிவண்டித் திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், நிசித் பிரகாசு ஆகியோர், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் விகிதம் 32 விழுக்காடு உயர்ந்ததாகவும், ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்ததாகவும் கண்டறிந்தனர். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பயன் மிகுதி. திருச்சுழி, நரிக்குடி வட்டாரத்தில் ஊர்கள் சிறியவை, ஒன்றுக்கொன்று விலகியவை. மேல்நிலைப் பள்ளியோ சில ஊர்களில்தான். காலை எட்டரை மணிக்கு ஒரே நிறத்து வண்டிகள் கண்மாய்க் கரையில் வரிசையாகப் போவது இன்று இவ்வட்டாரத்தின் வழக்கமான காட்சி. அவற்றில் சில வண்டிகள் படிப்பு முடிந்ததும் விற்கப்படுகின்றன, சில அப்பாவின் வேலை வண்டியாகின்றன. அது குறையாகச் சொல்லப்படுவதுண்டு. ஒரு வீட்டுக்கு ஒரு வண்டி வந்தது என்ற கணக்கில் பார்த்தால் குறையாகத் தெரியவில்லை.

இன்றைய நிலை

மோட்டார் சைக்கிளும் சிற்றுந்தும் பெருகிய பிறகு வாடகைக் கடைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. மில்கள் ஆள்களை வேனில் அழைத்துக்கொள்கின்றன. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி செல்லும் சாலை நான்குவழியாக விரிந்தபோது – முன்பு 45பி, இப்போது தேசிய நெடுஞ்சாலை 38 – பழைய குறுக்குத் தடங்கள் பல துண்டிக்கப்பட்டன. மிதிவண்டிக்காரர் சாலையைக் கடக்க நெடுந்தூரம் சுற்றவோ எதிர்த்திசையில் ஓட்டவோ நேர்கிறது. இரண்டாவதே வழக்கமாக நடப்பது. அதன் ஆபத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

மறுபுறம், பொழுதுபோக்காகவும் பயிற்சியாகவும் நெடுந்தூரம் ஓட்டும் பழக்கம் நகரங்களில் வளர்ந்துள்ளது. பெங்களூரிலிருந்து நீலகிரி மலைகளுக்குச் செல்லும் பல நாள் பயண நிகழ்வு 2008 முதல் நடந்துவருகிறது. பிரான்சில் தோன்றிய முறைப்படி 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில், 300 கிலோமீட்டரை இருபது மணி நேரத்தில் முடிக்கும் ஓட்டங்கள் சென்னை, கோவை போன்ற நகரங்களில் நடத்தப்படுகின்றன. அவ்வோட்டக்காரர்கள் மலையைத் தேடுகிறார்கள், அல்லது கடற்கரையை. கரிசல் நாடு அவர்கள் கண்ணில் இன்னும் படவில்லை.

படுமானால், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் தொலைவுள்ள வழியே தொடக்கமாக இருக்கும். திருச்சுழியில் திருமேனிநாதர் கோயிலும், 1879 டிசம்பர் 30 அன்று இரமண மகரிசி பிறந்த வீடும் உள்ளன. குண்டாற்றைத் தாண்டினால் பள்ளிமடம். அங்குள்ள காளைநாதர் கோயில், வீரபாண்டியன் தன் தமையன் சுந்தரபாண்டியனுக்காக எழுப்பிய பள்ளிப்படை என்று கல்வெட்டுகளைக் கொண்டு அறிஞர் கருதுவது. அங்கிருந்து கிழக்கே நரிக்குடிச் சத்திரத்துக்கும் முக்குளத்துக்கும் போகலாம். தெற்கே கமுதிக்கு இறங்கலாம். மலையும் ஏரியும் வேண்டுமென்பவர் எதிர்த்திசையில் விருதுநகரைத் தாண்டி வத்திராயிருப்புக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் உள்ள பிளவக்கல் அணைகளுக்குப் போகலாம். ஒரு நாள் முழுதும் மிதிக்க வேண்டிய தொலைவு அது. ஆடியில் போனால் மேல்காற்று முகத்தில் அடிக்கும்.

மார்கழி, தை மாதங்களே கிழக்கு வழிகளுக்கு ஏற்றவை. கண்மாயில் நீர் இருக்கும், நாரையும் கொக்கும் வந்திருக்கும், சோளமும் மல்லியும் நிற்கும், கரை காய்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கலிங்கு பாயும்போது தாம்போதிகளில் நீர் முழங்கால் அளவுக்கு ஓடும். உள்ளூர்க்காரர் ஒருவர் முதலில் கடந்து காட்டும் வரை வண்டியோடு காத்திருப்பதே இங்குள்ள வழக்கம்.